நிசூர் சதுக்கமும் சில வாசகங்களும்

2007 செப்டம்பர் 16-ந் தேதி நடுப்பகல். பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் காவலாட்கள் நான்கு கவச வண்டிகளில் வந்து போக்குவரத்தை மறித்தார்கள். ஒரு வெள்ளைக் கியா கார் மெல்ல உருண்டு முன்னே வந்தது. ஓட்டிவந்தவர் மருத்துவ மாணவர். பக்கத்தில் இருந்தது அவருடைய தாய், டாக்டர். இருவரும் செத்தார்கள். துப்பாக்கிகள் ஓய்ந்தபோது இறந்தவர்கள் 17 பேர் என்றது இராக் அரசு. தகப்பனாரின் காரில் பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பையன் அதில் ஒருவன். பின்னால் அமெரிக்கக் குற்றப் பத்திரிகை 14 பேர் என்றது. மூன்று பேர் கணக்கிலிருந்து கழன்று விழுந்தார்கள்.

சம்பவத்தைப்பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. என் அக்கறை அதன்பின் பதின்மூன்று வருஷங்கள் ஓடிய காகிதங்களில். குமாஸ்தா புத்தி என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஆனால் கவிதையில் ஒரு சொல் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் நாம், மனிதர்களைச் சாகவிடும் வாசகங்களை அதே கவனத்தோடு படிப்பதில்லை.

முதல் காகிதம் கொலைகளுக்கு முந்தியது. இராக்கை ஆண்ட அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர், 2004 ஜூன் 27-ந் தேதி, 17-ம் எண் உத்தரவைத் திருத்திக் கையெழுத்திட்டார். மறுநாள் ஆட்சியை இராக்கியரிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார். கான்ட்ராக்ட் ஷரத்துகளின்படி செய்த காரியங்களுக்காக அந்நியக் கான்ட்ராக்டர்களை இராக் சட்டம் தொடக்கூடாது என்றது உத்தரவு. ஷரத்துப்படிதான் செய்தார்களா என்று யார் சொல்வது? அவர்களை அனுப்பிய அரசு. அது கொடுக்கும் சான்றே இராக் கோர்ட்டில் முடிந்த சாட்சியம். சுயாட்சிக்கு முதல்நாள் எழுதிய வாசகம் அந்தச் சுயாட்சியின் மீது நாலரை வருஷம் செல்லுபடியாயிற்று. 2009 ஜனவரி 1-ல் இராக்-அமெரிக்க ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோதுதான் அது ஒழிந்தது. நிசூருக்கு அது உதவவில்லை.

இவர்களைக் கூலிப்படை என்று எல்லாரும் சொன்னார்கள். சட்டத்தில் அந்தச் சொல் எளிதில் சிக்குவதில்லை. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ம் வருஷத் துணை ஏற்பாடு கூலிப்படையாளுக்கு ஆறு லட்சணங்கள் சொல்கிறது. ஆறும் ஒருங்கே பொருந்த வேண்டும். சண்டையிடும் நாட்டின் பிரஜையாக இருக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. அமெரிக்கா கூலி கொடுத்த அமெரிக்கன் ஆகவே கூலிப்படையாள் ஆகமாட்டான்.

மிஞ்சியது அமெரிக்கக் கோர்ட்டு. வெளிநாட்டில் ராணுவத்தோடு வேலை செய்யும் சிவிலியன்களின் குற்றங்களுக்கென்று 2000-ல் ஒரு சட்டம் வந்தது. அபு கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்தபின், 2004-ல் அதை நீட்டினார்கள்: பிற இலாகாக்களின் கான்ட்ராக்டர்களும் அடங்குவர், ராணுவ இலாகாவின் பணிக்கு ஆதரவாக வேலை செய்யும் அளவுக்கு. பிளாக்வாட்டருக்குப் பணம் கொடுத்ததோ வெளியுறவு இலாகா. வேலை ராஜதந்திரிகளைக் காப்பது. இது ராணுவத்துக்கு ஆதரவா, இல்லையா? பதினாலு பிணங்களின் வழக்கு, எந்த இலாகாவின் செலவுக் கணக்கு என்ற தகராறில் வருஷக்கணக்காகத் தொங்கிற்று. ஆதரவுதான் என்று அப்பீல் கோர்ட் 2017-ல் உறுதி செய்தது.

இதைவிட விசித்திரமானது ஒரு ஃபாரம். கொலைகள் நடந்த இரண்டாம் நாளே வெளியுறவு இலாகா காவலாட்களிடம் எழுத்து மூலம் வாக்குமூலம் வாங்கிற்று. இதைக் கொண்டு உங்கள்மீது கிரிமினல் வழக்குத் தொடரப்படாது என்ற உறுதியோடு. எங்கள் கவுண்டரில் பணம் குறைந்தால் உடனே விளக்கம் எழுதிக் கேட்பார்கள். அந்தக் காகிதம்தான் பிறகு சார்ஜ் ஷீட்டாகத் திரும்பி வரும் என்பது புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். இங்கே அதே காகிதம் கேடயமாயிற்று. அரசுத் தரப்பு அந்த வாக்குமூலங்களைப் பயன்படுத்தியிருக்கிறது என்று 2009 டிசம்பர் 31-ந் தேதி நீதிபதி உர்பினா வழக்கையே தள்ளிவிட்டார். அவர்மீது எனக்குக் குறையில்லை. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி ஒருவனை வற்புறுத்தலாகாது என்பது காப்பாற்ற வேண்டிய விதிதான். அந்த ஃபாரத்தை நீட்டியவனை யார் கேட்டார்கள் என்பதே என் கேள்வி.

2011-ல் அப்பீலில் வழக்கு உயிர் பெற்றது. 2014 கோடையில் இராக்கிலிருந்து சுமார் முப்பது சாட்சிகள் வாஷிங்டன் போனார்கள், அந்தப் பையனின் தகப்பனார் உட்பட. காவலாட்கள் தங்களை யாரோ தாக்கினார்கள் என்றார்கள். ஜூரி ஏற்கவில்லை. மறு வருஷம் ஒருவருக்கு ஆயுள் தண்டனை, மூவருக்கு முப்பது வருஷம். முப்பது வருஷம் எப்படி வந்தது? குற்றத்தில் இயந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தினால் குறைந்தபட்சம் அவ்வளவு என்று ஒரு சட்டம். வேலைக்கென்று அரசின் சம்மதத்தோடு கொடுத்த துப்பாக்கிக்கு இது கொடூரம் என்று அப்பீல் கோர்ட் 2017-ல் சொன்னது நியாயம் என்றே நினைக்கிறேன். 2019-ல் மூவருக்கும் தண்டனை பாதிக்கு வந்தது. ஆயுள் பெற்றவருக்குப் புது விசாரணை; ஒரு ஜூரி முடிவுக்கு வராமல் கலைந்தது, இன்னொன்று மறுபடியும் கொலை என்றது. துப்பாக்கி கொடுத்தவர்களும் கம்பெனியும் நிசூர் கொலைகளுக்காகக் கூண்டில் ஏறவேயில்லை. கம்பெனி 2009-ல் ஒரு பெயர், 2011-ல் இன்னொரு பெயர் வைத்துக்கொண்டது.

இவ்வளவாவது நடந்ததே என்றும் நினைக்க வேண்டியிருக்கிறது. 1984 முதல் இலங்கையில் கீனி மீனி சர்வீஸஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி விசேஷ அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதன் விமானிகள் சண்டைக்குப் போன ஹெலிகாப்டர்களை ஓட்டினார்கள். லண்டன் போலீஸ் விசாரிக்கத் தொடங்கியது 2020-ல். அதற்குள் பிரிட்டிஷ் வெளியுறவு இலாகா இலங்கைக் கோப்புகள் பலவற்றை அழித்துவிட்டிருந்தது.

2020 டிசம்பர் 22-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் நான்கு பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். அந்த அதிகாரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அப்பீலும் கிடையாது. ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். 2008-லேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, சக காவலாட்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லி, ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை பெற்றவர். மன்னிப்புப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.