ஈச்வராநுமானமும் சாஸ்த்ரயோநித்வாதிகரணமும்

ஈச்வரன் உளன் என்பதை விஞ்ஞான முறையால் நிலைநாட்ட இயலுமா என்னும் வினா இக்காலத்தில் ஆஸ்திகர் நாஸ்திகர் என்னும் இரு சாராராலும் எழுப்பப்படுகிறது. இயலும் என்று சில ஆஸ்திகரும், இயலாது, ஆகவே ஈச்வரன் இலன் என்று நாஸ்திகரும் கூறுவர். இயலாது, ஆயினும் ஈச்வரன் உளன் என்ற மூன்றாவது பக்ஷம் ஒன்று உண்டு. அதுவே ஸ்ரீபாஷ்யகாரருடைய பக்ஷம். அந்தப் பக்ஷம் எவ்விதமான வாதப்போர்களின் நடுவே உருவாயிற்று, அதனால் ஸம்ப்ரதாயத்திற்கு விளைந்த பயன் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் ஸூத்ரம், உலகத்தின் தோற்றம் முதலியன எதனிடமிருந்து உண்டாகின்றனவோ அதுவே ப்ரஹ்மம் என்று லக்ஷணம் கூறுகிறது. உடனே ஓர் ஐயம் எழுகிறது. உலகம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பது யுக்தியாலேயே விளங்குகிறது. அப்படியிருக்க, ப்ரஹ்மத்தை அறிவிக்க வேதாந்தம் எதற்கு? வேறு ப்ரமாணத்தால் அறியப்படாததை அறிவிக்கும்போதுதான் சாஸ்த்ரத்திற்குப் பயன் உண்டு என்பது மீமாம்ஸகர், வேதாந்திகள் ஆகிய இருவருக்கும் உடன்பாடான நியாயம். அநுமானத்தாலேயே ஈச்வரன் ஸித்திப்பானாகில் உபநிஷத்துக்கள் முன்பே அறிந்ததைத் திரும்பச் சொல்லும் வெறும் அநுவாதமாகிவிடும். மூன்றாம் ஸூத்ரமான சாஸ்த்ரயோநித்வாதிகரணம் இந்த ஐயத்தைத் தீர்க்கவே எழுந்தது என்பர் ஸ்ரீபாஷ்யகாரர். ஆகவே ஈச்வராநுமானத்தை மறுப்பது அவருக்கு வெறும் தர்க்க விளையாட்டு அன்று. வேதாந்த விசாரம் தொடங்கத்தக்கதா என்பதே அதில் அடங்கியிருந்தது.

நையாயிகர் அநுமானத்தை நாடிய காரணம்

நையாயிகர் ஈச்வரனை அநுமானத்தால் ஸாதிக்க ஏன் இவ்வளவு முயன்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவர்கள் மதத்தில் வேதம் பௌருஷேயம். அதாவது ஒருவனால் சொல்லப்பட்டது. சொன்னவன் நம்பத்தக்கவன் என்பதனாலேயே வேதம் ப்ரமாணமாகிறது. அந்த வக்தா ஈச்வரன் என்று கொண்டால், ஈச்வரன் உளன் என்பதற்கு வேதத்தையே ஆதாரமாகக் காட்ட முடியாது. வேதத்தால் ஈச்வரன், ஈச்வரனால் வேதம் என்று ஒன்றையொன்று பற்றி நிற்கும் அந்யோந்யாச்ரய தோஷம் வரும். ஆகையால் வேதத்தைச் சாராத ஒரு ப்ரமாணம் அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று.

அவர்கள் கூறும் அநுமானத்தின் வடிவம் எளியது. குடம் அவயவங்களோடு கூடியது. ஆகவே அது கார்யம். கார்யமாகையால் அதைச் செய்த அறிவுடைய குயவன் ஒருவன் உண்டு. பூமியும் மலையும் கடலும் அவ்வாறே அவயவங்களோடு கூடியவை. ஆகவே அவற்றையும் செய்த அறிவுடையான் ஒருவன் உளன். அவ்வளவு பெரிய கார்யத்தைச் செய்பவன் ஸர்வஜ்ஞனாகவும் ஸர்வசக்தனாகவும் இருக்க வேண்டும் என்பது.

இதற்கு 7ஆம் நூற்றாண்டிலேயே இரு திசைகளிலிருந்து எதிர்ப்பு வந்தது. மீமாம்ஸகரான குமாரில பட்டர், படைப்பவனுக்குச் சரீரம் உண்டா, படைப்பதில் அவனுக்குப் பயன் என்ன என்று வினவினார். பௌத்தரான தர்மகீர்த்தி, மண்ணின் விகாரம் என்ற அளவில் ஒற்றுமை கண்டு அநுமானம் செய்தால் கறையான் புற்றையும் குயவன் செய்ததாகக் கொள்ள நேரும் என்றார். சொல்லளவில் ஒத்திருத்தல் வேறு, பொருளளவில் ஒத்திருத்தல் வேறு என்பது அவர் கருத்து. இவ்வெதிர்ப்புகளுக்கெல்லாம் விடையாகவே உதயனர் நியாயகுஸுமாஞ்ஜலியை இயற்றினார். ஐந்து ஸ்தபகங்களாக அமைந்த அந்நூலின் இறுதி ஸ்தபகத்தில் கார்யத்வம், பரமாணுக்களை இணைத்தல், உலகைத் தாங்குதல் முதலிய பல ஹேதுக்களை அடுக்கி ஈச்வரனை ஸாதித்தார். ஈச்வராநுமானம் தன் உச்ச நிலையை அடைந்தது அந்நூலிலேயே எனலாம்.

ஆளவந்தாரின் ஈச்வரஸித்தி

நம் ஸம்ப்ரதாயத்தில் இவ்விஷயத்தைத் தனி நூலாக எடுத்தவர் ஆளவந்தார். ஆத்மஸித்தி, ஈச்வரஸித்தி, ஸம்வித்ஸித்தி என்னும் மூன்றும் சேர்ந்த ஸித்தித்ரயத்தில், ஈச்வரஸித்தி மீமாம்ஸகருடைய ஆக்ஷேபங்களை முதலில் விரித்துரைக்கிறது. ப்ரத்யக்ஷத்தால் ஈச்வரன் ஸித்தியான், அநுமானத்தாலும் ஸித்தியான் என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுமொழியாக, உலகம் அவயவங்களோடு கூடியதாகையால் கார்யமே, அதன் உபாதானங்களை அறிந்த கர்த்தா ஒருவன் வேண்டும் என்ற வாதம் வருகிறது. நமக்குக் கிடைத்துள்ள நூல் முடிவின்றி நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு முரண் தோன்றும். பரமாசார்யர் நையாயிகரைப் போன்று அநுமானம் கூறுகிறார். எம்பெருமானாரோ சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் ஏறக்குறைய அதே அநுமானத்தைப் பூர்வபக்ஷமாக வைத்து மறுக்கிறார். ஆளவந்தார் திருவுள்ளத்தை நிறைவேற்றுவதையே தம் பணியாகக் கொண்டவர் என்று போற்றப்படும் எம்பெருமானார் அவருடைய கொள்கையையே மறுத்தாரோ என்று ஐயுறுவார் உண்டு.

இதற்கு ஸமாதானம் நூலின் அமைப்பிலேயே உள்ளது. ஈச்வரஸித்தியின் ஸித்தாந்த முடிவு நமக்குக் கிடைக்கவில்லை. இடையில் நின்ற வாதத்தை முடிந்த முடிவாகக் கொள்வதற்கு இடமில்லை. அன்றியும், அந்த வாதம் எவரை நோக்கி எழுந்தது என்பதையும் காண வேண்டும். அநுமானத்தைக் கொண்டு ஈச்வரன் இலன் என்று ஸாதிக்க முற்பட்டவர் முன்னே, அதே அநுமானம் மறுபுறமும் செல்லக்கூடும் என்று காட்டுவது வாதமுறைகளுள் ஒன்று. ஆளவந்தாரே ஆகமப்ராமாண்யத்தில் வாஸுதேவனுடைய ஸர்வஜ்ஞத்வத்தைப் பேசுமிடத்து ச்ருதி வாக்யங்களையே நிலையான ஆதாரமாகக் காட்டுவதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆகவே எம்பெருமானார் செய்தது மறுப்பன்று, ஒழுங்குபடுத்தலே என்று கொள்வது பொருந்தும்.

ஸ்ரீபாஷ்யத்தின் விடை

ஸ்ரீபாஷ்யகாரர் கூறும் தோஷங்களைச் சுருக்கமாகக் காண்போம். பூமி முதலியன கார்யம் என்றே ஒப்புக்கொண்டாலும், அவை யாவும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்கு ஹேது இல்லை. குடம் ஒரு கார்யம்; உலகமோ அவ்வாறு ஒரே கார்யமாகக் காணப்படவில்லை. பொருள்கள் வெவ்வேறு காலங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைவதையே காண்கிறோம். ஆகவே பல காலங்களில் பல கர்த்தாக்கள் செய்தனர் என்பதற்கும் இடமுண்டு. புண்ய விசேஷத்தால் மிக்க ஆற்றல் பெற்ற ஜீவர்களே அவற்றைச் செய்திருக்கலாம்; அதற்காகப் புதிதாக ஒருவனைக் கற்பிக்கத் தேவையில்லை.

இதனினும் கூரியது அடுத்த தோஷம். நாம் கண்ட கர்த்தாக்கள் அனைவரும் சரீரம் உடையவர், கர்மவச்யர், அறிவிலும் ஆற்றலிலும் எல்லையுடையவர். வ்யாப்தி இவர்களைக் கொண்டே அறியப்படுகிறது. ஆகையால் அந்த வ்யாப்தி ஸாதிக்கும் கர்த்தாவும் இத்தன்மையனாகவே இருப்பான். ஈச்வரனுக்குச் சரீரம் உண்டெனில், அது நித்யமா அநித்யமா என்ற வினா எழும். அவயவமுள்ள சரீரம் நித்யமாக இருக்கக்கூடுமாயின், அவயவமுள்ள உலகமும் நித்யமாக இருக்கலாம். அப்போது ஹேதுவே அழிகிறது. அநித்யம் எனில், அதைச் செய்தவர் யார் என்று முடிவின்றி வினவ நேரும். சரீரம் இல்லை எனில், சரீரமற்ற கர்த்தாவை எவரும் கண்டதில்லை, வ்யாப்தி குலைகிறது.

கருத்து யாதெனில், அநுமானம் தோற்றுப்போனால் மட்டுமன்று, வென்றாலும் தீங்கே என்பது. அது வென்றால் கிடைப்பவன் ஒரு பெரிய குயவன். அகில ஹேய ப்ரத்யநீகனாய், அநந்த கல்யாண குணங்களுக்கு இருப்பிடமாய், உலகுக்கு நிமித்தமும் உபாதானமும் தானேயாய், சேதநாசேதநங்களைச் சரீரமாகக் கொண்ட ச்ரிய:பதி அவ்வழியில் கிடையான். குயவன் மண்ணுக்குப் புறத்தே நிற்பவன் அன்றோ? உலகையே திருமேனியாக உடையவனை அந்த த்ருஷ்டாந்தம் எவ்வாறு காட்டும்? யோகியின் ப்ரத்யக்ஷமும் இங்கு உதவாது. பாவனையின் மிகுதியால் விளையும் காட்சி முன் அநுபவித்ததன் தெளிந்த நினைவே ஆகையால் புதிய பொருளை அறிவிக்கும் தனி ப்ரமாணமாகாது.

சாஸ்த்ரத்தைக் கொண்டால் மட்டும் அந்யோந்யாச்ரயம் வாராதோ எனில், வாராது. நம் ஸித்தாந்தத்தில் வேதம் அபௌருஷேயம். ஈச்வரனும் ஒவ்வொரு கல்பத்தின் தொடக்கத்திலும் முன்னிருந்த அதே க்ரமத்தில் அதை நினைத்து உபதேசிப்பவனேயன்றி, தன் விருப்பப்படி இயற்றுபவன் அல்லன். ஆகவே வேதத்தின் ப்ராமாண்யம் ஈச்வரனைக் கொண்டு வருவதன்று. அபௌருஷேயத்வத்தை ஒப்பாதவனுக்கு இவ்விடை நிறைவளிக்காது என்பது உண்மையே. ஆயினும் நையாயிகருக்கு இருந்த நெருக்கடி வேதாந்திக்கு இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

ஸ்வாமி தேசிகனும் தத்த்வமுக்தாகலாபத்தின் நாயகஸரத்தில் ஈச்வராநுமானத்தை எடுத்து மறுக்கிறார். ஆனால் அவர் தர்க்கத்தை வெறுத்தவர் அல்லர். நியாயபரிசுத்தி என்னும் நூலால் தர்க்க சாஸ்த்ரத்தையே சுத்தப்படுத்தித் தந்தார். மீமாம்ஸகரின் நிரீச்வர வாதத்திற்கு அவர் கண்ட மருந்தும் அநுமானம் அன்று. ஜைமினியின் சாஸ்த்ரமே ஈச்வரனை விலக்குவதன்று என்று காட்டும் ஸேச்வர மீமாம்ஸையையே அவர் இயற்றினார்.

மேலை நாட்டில் இதே வரலாறு

இவ்விசாரம் நம் நாட்டளவில் நிற்பதன்று. ஐரோப்பாவிலும் இயற்கையின் அமைப்பைக் கொண்டு ஈச்வரனை ஸாதிக்கும் முயற்சி நெடுங்காலம் நடந்தது. அங்கே விஞ்ஞானமும் அதனோடு பிணைந்தது. அதன் விளைவை நோக்கினால் ஸ்ரீபாஷ்யகாரருடைய எச்சரிக்கையின் அருமை புலப்படும்.

நியூட்டன் தமது ஒளியியல் நூலின் 1706ஆம் ஆண்டு லத்தீன் பதிப்பில், கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் உண்டாகும் சிறு பிறழ்ச்சிகள் பெருகிப் பின்னர் அவ்வமைப்பையே சீர்திருத்த வேண்டிய நிலை வரும் என்று எழுதினார். அச்சீர்திருத்தம் ஈச்வரனுக்குரிய செயலாகக் கருதப்பட்டது. 1785இல் லாப்லாஸ், வியாழன் சனி ஆகியவற்றின் இயக்கத்தில் காணப்பட்ட பிறழ்ச்சி ஏறக்குறைய 900 ஆண்டுகளில் மீளும் ஒரு சுழற்சியே என்று கணித்துக் காட்டினார். ஈச்வரனுக்கென்று விடப்பட்ட இடத்தைக் கணக்கு நிரப்பிற்று. 1802இல் பேலி என்பவர், கடிகாரத்தைக் கண்டு கடிகாரம் செய்தவனை அறிவதுபோல் உயிர்களின் அமைப்பைக் கண்டு படைத்தவனை அறியலாம் என்றார்; 1859இல் டார்வினின் நூல் அவ்வமைப்புக்கு வேறு காரணம் கூறிற்று. இதற்கெல்லாம் முன்னரே, 1779இல் வெளிவந்த ஹியூமின் உரையாடல் நூல், ஒரு வீட்டைப் பலர் கூடிக் கட்டுவதுபோல் உலகையும் பலர் செய்திருக்கலாகாதா, செய்தவனுக்கு உடல் வேண்டாவோ என்று வினவியது. இவ்வாக்ஷேபங்கள் ஸ்ரீபாஷ்யத்தில் 600 ஆண்டுகளுக்கு முன்பே உள்ளன. ஹியூம் அவற்றால் ஐயத்தில் நின்றார். எம்பெருமானார் சாஸ்த்ரத்தின் வாயிலை வந்தடைந்தார். யுக்தி ஒன்றே, முடிவு வேறு.

இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது இன்னும் நினைக்கத்தக்கது. உலகம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை 1931இல் வெளியிட்ட லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருமார். 1951 நவம்பர் 22ஆம் நாள் போப் பன்னிரண்டாம் பயஸ் தமது விஞ்ஞானக் கழகத்தில் பேசுகையில், இத்தகைய விஞ்ஞான முடிவுகள் படைப்புக்குச் சான்று பகர்வதாக உரைத்தார். லெமைத்ர் இதனை விரும்பவில்லை. 1952இல் போப் வானியலாளரிடையே உரையாற்றியபோது அவ்வாதத்தைத் திரும்ப எடுக்கவில்லை. 1958இல் லெமைத்ர், தம் கொள்கை சமயம் பற்றிய வினாக்களுக்கு முற்றிலும் புறத்தே நிற்பது என்று கூறினார். ஈச்வரனிடம் பக்தியும் விஞ்ஞானத்தில் தேர்ச்சியும் ஒருங்கே உடையவரே இரண்டையும் கலக்க மறுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

முடிவு

மனித யுக்தி ஒன்றையே பற்றி நிற்கும் முடிவை, மேலும் வல்லவனான ஒருவனுடைய யுக்தி கவிழ்த்துவிடும் என்பதை இரண்டாம் அத்யாயத்தின் முதல் பாதத்தில் ஸூத்ரகாரரும் கூறுகிறார். விஞ்ஞானத்திற்கு இது இழுக்கன்று. தன் முடிவுகளைத் திருத்திக்கொள்வதே அதன் பெருமை. திருந்தும் இயல்புடைய ஒன்றன் மேல் நித்யனான ஈச்வரனை ஏற்றி வைப்பதுதான் பிழை. இன்று ஒரு விஞ்ஞானக் கொள்கையால் பெருமாள் ஸித்தித்தான் என்று மகிழ்பவர், நாளை அக்கொள்கை மாறும்போது யாது செய்வர்?

இதே நியாயத்தால் மறுபக்கமும் அடைபடுகிறது. விஞ்ஞானம் ப்ரத்யக்ஷத்தையும் அதனைப் பற்றிய அநுமானத்தையும் கருவியாகக் கொண்டது. அக்கருவிகளுக்கு எட்டாத பொருளை அவை இல்லை என்று சொல்லவும் வல்லன அல்ல. நிறத்தைக் காண்பது கண். ஓசை உண்டா இல்லையா என்று கூறக் கண்ணுக்கு உரிமை இல்லை.

நம்மாழ்வார் திருவாய்மொழியின் முதல் பதிகத்திலேயே எம்பெருமானை வேதத்தில் விளங்குபவனாக அநுபவித்துவிட்டு, அதன் பின்னரே அவன் இலன் என்பாரை எதிர்கொள்கிறார். இந்த முறைமை நோக்கத்தக்கது. முதலில் ப்ரமாணம், பின்பு அதற்குத் துணையாக யுக்தி. இளைஞர்கள் இவ்வினாவை நம்மிடம் கேட்கும்போது விஞ்ஞானச் செய்திகளைத் தேடி ஓட வேண்டுவதில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் மூன்றாம் ஸூத்ரத்தை அவர்களோடு அமர்ந்து வாசித்தாலே போதும். தம் பூர்வாசார்யர்கள் எதிராளியின் வாதத்தை எவ்வளவு நேர்மையோடு எடுத்துரைத்தனர் என்பதை அவர்கள் அங்கே காண்பர். சாஸ்த்ரத்தின்மேல் மதிப்பு பிறப்பதற்கு அதுவே நல்ல தொடக்கமாகும்.