தொலைதூர விமானப் பயணம்: நோயாளிகள் அறிய வேண்டிய நேரக் கணக்கு

சென்னையிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வான்வழித் தொலைவு சுமார் 13,900 கிலோமீட்டர். இடையில் ஒரு நகரில் விமானம் மாறிச் செல்வோருக்குக் காத்திருப்பு நேரத்தையும் சேர்த்தால் பயணம் பொதுவாக 20 மணி நேரத்தைத் தாண்டும். பிள்ளைகளைக் காணச் செல்லும் முதியோரும் அவர்களுக்குத் துணை நிற்போரும் இக்கணக்கை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

உண்மையான பயண நேரம்

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின்படியும் குறிக்கப்படுகிறது. சென்னையில் அதிகாலை 2 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் பிற்பகல் 1 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோ சேர்வதாக இருந்தால், 11 மணி நேரப் பயணம் போலத் தோன்றும். கோடையில் அந்நகர நேரம் இந்திய நேரத்தைவிட 12½ மணி பின்தங்கியது. எனவே உண்மையான பயண நேரம் 23½ மணி. குளிர்காலத்தில் இவ்வேறுபாடு 13½ மணியாகும்.

மருந்து வேளைகள்

மேற்கு நோக்கிச் செல்லும்போது நாள் நீள்வதால் ஒரு வேளை மருந்து விடுபடக்கூடும். திரும்பி வரும்போது நாள் சுருங்குவதால் இரு வேளை மருந்துகள் நெருங்கிவிடக்கூடும். இன்சுலின் போடுவோருக்கு இதனால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம்.

• பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பயணச்சீட்டைக் காட்டி, மருந்து அட்டவணையை எழுதிப் பெறுங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.
• இன்சுலினையும் அன்றாட மருந்துகளையும் மருந்துச்சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகலாம்.
• உணவுக்கு முன் போடும் இன்சுலினை, உணவு கைக்கு வந்த பின்னரே போடுங்கள்.

கால்களில் இரத்த உறைவு

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், முன்பு இரத்த உறைவு ஏற்பட்டோர் ஆகியோருக்கு இவ்வாய்ப்பு மேலும் அதிகம்.

• இயன்றபோதெல்லாம் எழுந்து நடங்கள். அமர்ந்தபடியே கணுக்கால்களை மேலும் கீழும் அசையுங்கள்.
• போதிய நீர் அருந்துங்கள், மதுவைத் தவிருங்கள்.
• அழுத்தக் காலுறை, ஆஸ்பிரின் ஆகியவற்றை மருத்துவர் அறிவுரையின்றிப் பயன்படுத்தாதீர்கள்.

முன் அனுமதி தேவைப்படுவோர்

விமானத்தினுள் காற்றழுத்தம், ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகும். அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டோரும் நுரையீரல் நோயுள்ளோரும் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே பயணச்சீட்டுப் பெற வேண்டும்.

உடனே மருத்துவ உதவி பெறுக

பயணம் முடிந்து சில வாரங்கள் வரை, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் தமிழ்நாட்டில் 108, அமெரிக்காவில் 911 எண்ணை அழையுங்கள். அண்மையில் விமானப் பயணம் செய்ததை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.