சான்றிதழுக்குச் சான்று

அரசனுடைய ஓலையைக் கொண்டுவந்த தூதனை வாயிற்காவலன் அவன் சொல்லளவில் நம்பியதில்லை. ஓலையிற் பொறித்த இலச்சினையைக் கண்ட பின்னரே வழிவிட்டான். ஆனால், அவ்விலச்சினை அரசனுடையதே என்பதைக் காவலன் எவ்வாறு அறிந்தான்? நம்பத்தக்க ஒருவர் முன்னரே அதனைக் காட்டி, 'இஃது அரசனது' என்று உறுதி கூறியிருத்தல் வேண்டும். முத்திரையின் வலிமை மெழுகில் இல்லை. அதற்கு உறுதி கூறியவரின் நேர்மையிலேயே உள்ளது. கணனிகள் ஒன்றோடொன்று உரையாடும் இக்காலத்திலும் இவ்வுண்மை மாறவில்லை.

1976ஆம் ஆண்டிலே விற்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மறைமொழிக் கலையிலே புதுவழி ஒன்றை வெளியிட்டனர். ஒருவர் இரு திறவுகோல்களை வைத்திருப்பார். ஒன்றை உலகறிய வெளியிடுவார். மற்றதைத் தம்மிடம் மறைத்து வைப்பார். வெளியிட்ட திறவுகோலாற் பூட்டிய செய்தியை, மறைத்து வைத்த திறவுகோலாலன்றித் திறத்தல் இயலாது. சிறந்த ஏற்பாடுதான். எனினும், ஒரு திறவுகோல் இன்னாருடையது என்று எவர் உறுதி கூறுவது? 1978ஆம் ஆண்டில் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவராயிருந்த லோரன் கோன்ஃபெல்டர், தமது பட்ட ஆய்வுரையிலே இதற்கு விடை கூறினார். நம்பத்தக்க ஒருவர், பெயரையும் திறவுகோலையும் ஓர் ஏட்டிற் சேர்த்துத் தம் ஒப்பத்தை இடுதல் வேண்டும் என்றார். அவ்வேட்டிற்குச் 'சான்றிதழ்' என்றும் பெயரிட்டார். 1988ஆம் ஆண்டிலே எக்ஸ் 509 என்னும் சர்வதேச நியமம் அதற்கு ஒழுங்கான வடிவம் தந்தது.

இணையத்தில் வாணிகம் தலையெடுத்த 1995ஆம் ஆண்டளவில், சான்றிதழ் வழங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. அவ்வாண்டில் தொடங்கிய வெரிசைன் அவற்றுள் முதன்மை பெற்றது. சான்றிதழ் கேட்டு வருவோர் தாம் கூறும் நிறுவனத்தவர்தாமா என்று விசாரித்து அறிவது வழங்குவோரின் கடமையாயிற்று. கணிதத்தைக் கணனி பார்த்துக்கொள்ளும். விசாரணையை மனிதரே செய்தல் வேண்டும். இடர் அங்கேதான் புகுந்தது.

2001ஆம் ஆண்டு சனவரி 29ஆம், 30ஆம் தேதிகளில், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஊழியர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவருக்கு வெரிசைன் இரு சான்றிதழ்களை வழங்கிவிட்டது. அவர் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவரல்லர். அச்சான்றிதழ்களைக் கொண்டு எவரும் தம் கணனி நிரலை மைக்ரோசொப்டின் பெயரால் உலவவிட்டிருக்கலாம். மார்ச் மாதத்தில் உண்மை வெளிப்பட்டது. அச்சான்றிதழ்களை வெரிசைன் செல்லாதனவாக்கியது. ஆயினும், அச்செய்தியைக் கணனிகள் தாமாகத் தேடியறிய வழி இருக்கவில்லை. ஆதலால் மைக்ரோசொப்ட் தனியாகத் திருத்தம் ஒன்றை வெளியிட நேர்ந்தது.

இதனிடையே, மலிவான முறையொன்றும் பரவலாயிற்று. இணைய முகவரி ஒருவரது ஆளுகையில் உள்ளதா என்பதை மட்டும் சோதித்து, சில நிமிடங்களிலே சான்றிதழ் தந்துவிடும் முறை அது. முகவரியின் பின்னே உள்ளவர் வணிகரா வஞ்சகரா என்பதை அது ஆராய்வதில்லை. இக்குறையைப் போக்கும் பொருட்டு, சான்றிதழ் வழங்குவோரும் இணைய உலாவிகளை ஆக்குவோரும் 2005ஆம் ஆண்டில் ஒன்றுகூடி மன்றம் ஒன்றை அமைத்தனர். அம்மன்றம் 2007ஆம் ஆண்டில் விரிவான விசாரணைக்குரிய விதிகளை வெளியிட்டது.

அவ்விதிகள் பழுத்த அனுபவத்தின் விளைவு எனலாம். நிறுவனம் சட்டப்படி பதிவாகியுள்ளதா என்பதை அரசாங்கப் பதிவேட்டிலே பார்த்தல் வேண்டும். அது தொழில் நடத்தும் இடம் உண்மையா என்று அறிதல் வேண்டும். மூன்றாண்டு நிறையாத நிறுவனமாயின், வங்கிக் கணக்குப் போன்ற வேறு சான்று கொண்டு அதன் இயக்கத்தை நிறுவுதல் வேண்டும். விண்ணப்பித்தவருக்கு அவ்வதிகாரம் உண்டா என்று நிறுவனத்தையே கேட்டல் வேண்டும்; அவ்வாறு கேட்கும்போது விண்ணப்பத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பிவிடாது, வேறிடத்திலிருந்து உறுதிப்படுத்திய இலக்கத்தையே பயன்படுத்தல் வேண்டும். இறுதியாக, ஒருவர் திரட்டிய ஆவணங்களை மற்றொருவர் ஒப்புநோக்கிய பின்னரே சான்றிதழ் வழங்கலாம். வஞ்சகன் தானே எழுதிக்கொடுத்த சாட்சியைக் கொண்டு அவனையே நம்பலாகாது என்பதே இவற்றின் சாரம்.

ஆயினும், விசாரிப்பவரது வீட்டிலேயே கள்வன் புகுந்தால் யாது செய்வது? 2011ஆம் ஆண்டிலே நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்திற்கு அதுவே நேர்ந்தது. அதன் கணனிகளுட் புகுந்தோர், எவ்வித விசாரணையுமின்றி ஐந்நூறுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை ஆக்கிக்கொண்டனர். கூகுளின் பெயரில் ஆக்கிய சான்றிதழொன்று ஈரானிலே பயன்பட்டது. தம் கடிதங்கள் காப்பாக உள்ளன என்று நம்பியிருந்த எண்ணற்றோரின் அந்தரங்கம் பிறர் கண்ணிற்பட வழி திறந்தது. யூலை மாதத்திலேயே ஊடுருவலை அறிந்திருந்தும் அந்நிறுவனம் ஊரறியச் சொல்லவில்லை. ஆகஸ்ட் இறுதியிற் செய்தி வெளிவந்ததும், உலாவிகள் யாவும் அதனைத் தள்ளிவைத்தன. செப்ரெம்பர் 20ஆம் தேதி நீதிமன்றம் அதனை வங்குரோத்து நிலையுற்றதாக அறிவித்தது. நம்பிக்கையை விற்றுப் பிழைத்த நிறுவனம், நம்பிக்கை போனதும் ஒரு மாதமேனும் நின்றுபிடிக்க இயலவில்லை.

இதன் பின், வழங்கும் சான்றிதழ்களை எவரும் பார்க்கத்தக்க பொதுப் பேரேடுகளிற் பதியும் முறை 2013ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. மறைவிலே போலி பிறத்தல் அதனால் அரிதாயிற்று.

2017ஆம் ஆண்டில் வேறொரு பாடமும் கிடைத்தது. ஸ்ரைப் என்பது பணப் பரிமாற்றத்திற் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனம். ஆய்வாளர் ஒருவர், அதே பெயரில் கென்ரக்கி மாநிலத்திலே புதிய நிறுவனமொன்றைச் சட்டப்படி பதிந்து, விரிவான விசாரணைக்குரிய சான்றிதழையும் பெற்றுக் காட்டினார். பொய் ஏதுமில்லை, விதிமீறலும் இல்லை. ஆனால் அப்பெயரைக் கண்ட எவரும் பழைய நிறுவனம் என்றே எண்ணியிருப்பர். 2019ஆம் ஆண்டில் குரோம், ஃபயர்ஃபொக்ஸ் ஆகிய உலாவிகள், முகவரிப் பட்டையிலே நிறுவனப் பெயரைச் சிறப்பாகக் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டன.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சான்றிதழ் ஒரு பெயரை மெய்ப்பிக்கலாம். அப்பெயருக்குரியவரின் நல்லொழுக்கத்தை மெய்ப்பிக்க அதனால் இயலாது. வாயிற்காவலன் இலச்சினையைப் பார்த்ததோடு தன் கடமை முடிந்ததென்று உறங்கியிருந்தால், கோட்டை நிலைத்திருக்குமா?