பங்காளிக் காய்ச்சலும் பவளப்பாறை மீன்களும்

கடல்மீன் வளர்ப்போரிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் விதி ஒன்று உண்டு. முரட்டு மீனை வளர்ப்பதானால் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றை அதே தொட்டியில் விடக்கூடாது. நிறத்தாலும் உருவத்தாலும் அதனை ஒத்த வேற்றினத்தையும் விடக்கூடாது. முற்றிலும் அந்நியமானதோடு அது ஒருவாறு ஒத்துப்போகும். தன்னைப் போன்றதைக் கண்டால் கொல்லாமல் விடாது. நம்மூரில் பங்காளிக் காய்ச்சல் என்று எதைச் சொல்கிறோமோ, ஏறக்குறைய அதுதான். வளர்ப்போர் பட்டறிவால் கண்டுகொண்ட இந்த விதி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஓர் அறிவியல் கோட்பாடாகி, மனிதகுலத்தின் வன்முறைக்கே விளக்கம் சொல்லுமளவுக்கு வளர்ந்தது. மீன்தொட்டிக்குள் தொடங்கிய ஒரு வாதம் அவ்வளவு தூரம் போன கதையை நினைத்துப் பார்க்கத் தோன்றியது.

தொடக்கத்தில் 'யாரோடு யாரை விடுவது' என்பது சண்டை பற்றிய கேள்வியே அன்று. மூச்சுப் பற்றிய கேள்வி. 1846இல் ஆனா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து கல்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் உயர்பதவி வகித்த மதகுருவின் மனைவி அவர். கடல்நீர் கெடாமலிருக்க, திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு அதனை நாள்தோறும் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண். அவள் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. பவளங்கள் உயிரோடிருந்தது அவள் கைகளால்தான். 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர் பொன்மீனையும் நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் வைத்துச் சோதித்தார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவற்றைத் தின்பதற்கு நத்தைகளை விட்டார், நீர் தெளிந்தது. ஒரு மீனுக்கு ஆராய்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டாளிகளுள் மிகப் பழையதென்று அந்த நத்தையைச் சொல்லலாம்.

லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் மீன்வீடு திறக்கப்பட்டது 1853இல். அதற்கு அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' நூல் வெளிவந்து, நடுத்தரக் குடும்பங்களின் வரவேற்பறைகளில் கடலைக் கொண்டுவந்து வைத்தது. தொட்டியை அமைப்பது, அதில் எவற்றை விடுவது, எப்படிக் காப்பது என்று சொல்லும் கையேடு ஒன்றையும் 1855இல் அவர் எழுதினார். இங்கிலாந்தின் கடலோரப் பாறைகளில் ஆண்டாண்டுக் காலம் அமைதியாக வளர்ந்திருந்த உயிர்களை அவருடைய வாசகர்கள் கூடை கூடையாக வாரிக்கொண்டு போனார்கள். அந்த அழிவையும், தந்தைக்கு அதனால் நேர்ந்த துயரத்தையும் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய 'தந்தையும் மகனும்' நூலில் பதிவுசெய்திருக்கிறார். இயற்கையை நேசிக்கக் கற்றுக்கொடுத்த நூலே அதைச் சூறையாடவும் வழிகாட்டியது.

வெப்பமண்டலப் பவளப்பாறை மீன்கள் வீடுகளுக்கு வந்துசேர இன்னும் நூறாண்டு ஆயிற்று. விமானப் போக்குவரத்தும் பிளாஸ்டிக் பையும் வரவேண்டியிருந்தது. 1959இல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்ட்ரான் வீட்டில் கடல்மீன் வளர்ப்பது பற்றித் தனி நூலே எழுதினார். 1961இல் இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிருள்ள பாறைத்துண்டுகளையும் காற்றுக் குமிழ்களையும் மட்டுமே கொண்டு தொட்டியைக் காக்கும் தம் முறையை வெளியிட்டார். மீன்கள் இப்போது உயிரோடிருந்தன. உயிரோடிருந்தபின்தான் ஒன்றையொன்று கொன்றன.

இந்தக் கட்டத்தில்தான் கோன்ராட் லோரென்ஸ் வருகிறார். 1963இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதி, 1966இல் 'ஆன் அக்ரெஷன்' என்று ஆங்கிலத்தில் வெளிவந்த நூல் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் கடலுக்குள் தொடங்குகிறது. முகமூடி அணிந்து பவளப்பாறைமேல் மிதந்தபடி மீன்களைப் பார்க்கிறார். பிறகு ஆய்வகத் தொட்டிக்கு வருகிறார். பல இனங்களைக் கலந்து விட்டு, யார் யாரைக் கடிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார். கடிகளில் பெரும்பகுதி தன்னினத்தின்மேலேயே விழுந்தது. சுவரொட்டி போலப் பளிச்சென்ற நிறங்கொண்ட மீன்களே மிகுந்த சண்டைக்காரர்கள் என்பதையும் அவர் கண்டார். அவர் தந்த விளக்கம் எளியது, அழகானது. அந்த நிறம் ஒரு கொடி. 'இங்கே நான் இருக்கிறேன், என்னைப் போன்ற இன்னொருவனுக்கு இடமில்லை' என்று அது அறிவிக்கிறது. ஒரே உணவைத் தேடும் இருவர் ஒரே இடத்தில் இருந்தால் இருவரும் பட்டினி கிடப்பார்கள். வேறு தொழில் செய்பவன் பக்கத்து வீட்டில் இருந்தால் போட்டியில்லை. ஆகவே தன்னினத்தை விரட்டுவதால் அந்த இனம் பாறையெங்கும் சீராகப் பரவுகிறது. தீமை என்று நாம் அழைப்பதற்கு ஒரு பயன் இருக்கிறது.

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் சிக்கலில்லை. பசியைப் போலவே சினமும் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், வடிகால் இல்லையேல் தானே உடைத்துக்கொண்டு வெளிவரும் என்றார். இதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனின் சின்னஞ்சிறு உறவு ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளிலும் நன்னீரிலும் வாழ்கிறது. எட்ரோப்ளஸ் மாகுலேட்டஸ் என்பது அதன் பழைய அறிவியற்பெயர். இந்த மீனின் இணையொன்றை அண்டை அயலின்றித் தனித்து வைத்தால், விரட்டுவதற்கு எதிரி இல்லாத ஆண் தன் பெண்ணையே தாக்கத் தொடங்கும். அடிவாங்குவதற்கென்று இன்னொரு மீனை உடன் விட்டாலோ, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு பகைவன் தெரியும்படி செய்தாலோ குடும்பம் அமைதியாக இருக்கும். நம் கழிமுகத்து மீனொன்று ஐரோப்பியத் தொட்டியில் நீந்தி, வெளிப்பகைவன் இல்லாவிட்டால் வீட்டுக்குள் கலகம் என்ற பாடத்தைச் சொல்லித் தந்துகொண்டிருந்தது! தமிழ்க் குடும்பங்களை அறிந்தவர்க்கு இது முற்றிலும் புதிய செய்தியும் அன்று. ஆயினும் மீனிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது காலூன்ற இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

லோரென்ஸ் 1938இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். 1940இல், வளர்ப்பு விலங்குகளின் குணம் சிதைவது போல நாகரிக மனிதனும் சிதைகிறான், தாழ்ந்தவர்களைக் களைந்தெடுக்க வேண்டும் என்ற பொருள்பட, அந்த ஆட்சியின் இனத்தூய்மை மொழியிலேயே கட்டுரை எழுதினார். 1973இல் டின்பெர்கன், ஃபான் ஃப்ரிஷ் ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, அக்காலத்தில் எழுதியவற்றுக்காக வருத்தம் தெரிவித்தார். 2015இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவருக்கு முன்பு வழங்கிய கௌரவ முனைவர் பட்டத்தை, அவர் இறந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, திரும்பப் பெற்றது. இதனால் அவருடைய மீன் கணக்கு பொய்யாகிவிடாது. ஆனால், ஒரு தொட்டிக்குள் யார் யாரோடு வாழலாம் என்று முடிவுசெய்பவனின் இடத்தில் நின்று உலகைப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என்ற எண்ணம் அந்நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வந்துவிடுகிறது.

கோட்பாட்டின் முதன்மையான ஓட்டை தொட்டியிலேயே இருந்தது. கடலில் தோற்றவன் ஓடிவிடுவான். நான்கு முழ நீளக் கண்ணாடிப் பெட்டியில் எங்கே ஓடுவது? விரட்டுபவனின் கண்ணுக்கு, ஓடாதவன் எல்லையை மீறி நிற்பவன். ஆகவே மீண்டும் மீண்டும் கடிக்கிறான். கடலில் சிறு உரசலோடு முடியக்கூடியது தொட்டியில் கொலையில் முடிகிறது. லோரென்ஸும் இதை அறிந்தே இருந்தார். இருந்தும், தொட்டியில் கண்டதைக் கொண்டு உள்ளே ஊறும் சினத்தைப் பற்றிப் பேசத் துணிந்தார்.

எழுபதுகளில் ஆய்வாளர்கள் கடலுக்குள்ளேயே அமர்ந்து பார்த்தார்கள். 1971இல் ரோபர்ட்டா லோ, ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில், கைக்குள் அடங்கிவிடும் சிறுமீன் ஒன்றின் எல்லைச் சண்டைகளை ஆராய்ந்து எழுதினார். அது தன்னினத்தை மட்டும் விரட்டவில்லை. தன் பாசித்தோட்டத்தை மேயக்கூடிய எவ்வினத்து மீனையும் விரட்டியது. பாசி தின்னாத ஊனுண்ணிகளைப் பொருட்படுத்தவில்லை. நிறமும் உறவும் இரண்டாம்பட்சம், வயிறுதான் முதல். 1974இல் மிர்பெர்க், திரெஷர் இருவரும் வேறொரு பாசிமேயும் மீனை ஆராய்ந்து, அதற்கு எல்லை ஒன்றல்ல, பல என்றார்கள். தன்னினத்தானைத் தொலைவிலேயே மறிக்கும். வேறு சிலரை அருகே வந்தபின்தான் விரட்டும். இன்னும் சிலரை மிக அருகில்கூடப் பொறுத்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தூரம். வாசலில் நிறுத்திப் பேசவேண்டியவர், திண்ணைவரை வரலாகும் என்பவர், அடுப்படிவரை வருபவர் என்ற நம் கணக்கைப் போல. லோரென்ஸ் முழுக்கத் தவறவில்லை. தன்னினத்தானே அதிகம் வெறுக்கப்படுகிறான் என்பது உண்மைதான். அது ஊறும் சினத்தால் அன்று, யார் எவ்வளவு பறிப்பார்கள் என்ற கணிப்பால் எனலாம்.

1977இல் ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் வெளியிட்ட ஆய்வு இன்னும் விந்தையானது. கடற்சாமந்தியின் கொடுக்குகளுக்கிடையே வாழும் கோமாளிமீன் கூட்டத்தில் மிகப் பெரியவள் பெண். அடுத்தவன் ஆண். மற்றவர்கள் வளர்ச்சி தடைப்பட்டுக் காத்திருப்பவர்கள். அவள் இறந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறுகிறான். காத்திருந்தவர்களுள் ஒருவன் ஆணின் இடத்துக்கு வருகிறான். இந்த அதிகார வரிசையைக் கட்டிக்காப்பதே இடைவிடாத மிரட்டல்தான். தொட்டி வளர்ப்போர் இதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள்: அளவில் வேறுபட்ட இரண்டு இளங்குஞ்சுகளைச் சேர்த்துவிட்டால் பெரியது பெண்ணாகும், சிறியது அடங்கும். வளர்ந்த பெண்கள் இருவரைச் சேர்த்துவிட்டால் ஒன்றே மிஞ்சும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. 2010இல் உல்ரிக்கே சீபெக்கும் குழுவினரும் மஞ்சள் நிறச் சிறுமீன்கள் இரண்டினத்தை ஆராய்ந்தார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அவற்றின் முகத்தில் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் நுண்கோலங்கள் உள்ளன. அவற்றைக் கொண்டே அம்மீன் தன்னினத்தானை அடையாளம் கண்டு சண்டைக்குப் போகிறது. அது கொடி தூக்கியிருக்கிறது என்று லோரென்ஸ் சொன்னது சரி. ஆனால் அந்தக் கொடியை அவராலும் பார்த்திருக்க முடியாது, கடையில் நின்று நிறம் பார்த்து வாங்கும் நம்மாலும் முடியாது.

இன்று கிளாத்தி மீன் வளர்ப்பவர்கள் செய்வது இந்த வரலாற்றின் கூட்டுத்தொகையே என்று தோன்றுகிறது. கடல் முள்ளெலியையும் நண்டையும் உடைத்துத் தின்னும் தாடை கிளாத்திக்கு. முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தி இரண்டாவது முள்ளால் பூட்டிக்கொண்டு பாறையிடுக்கில் அசையாமல் நிற்கும். அதற்குத் துணையாக இறாலும் நண்டும் ஆகா. அவை துணையல்ல, சோறு. உடலளவில் ஈடுகொடுக்கும், வடிவத்திலும் உணவிலும் வேறுபட்ட மீன்களே தகும். பெரிய தொட்டி வேண்டும். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலிருக்கப் பாறை மறைவுகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளாத்தியைக் கடைசியாக விடவேண்டும். முன்பே குடியிருப்பது கிளாத்தியானால் பின்வரும் எதுவும் அதற்கு ஆக்கிரமிப்பாளன்தான். சிலர், புதியவனை விடும் நாளில் பாறைகளை எல்லாம் இடம்மாற்றி வைக்கிறார்கள். பழையவனுக்கும் ஊர் புதிதாகிவிடுகிறது. எல்லைக்கல் எது என்று தெரியாத குழப்பத்தில் சண்டை சற்றுத் தணிகிறது.

சிங்கமீனின் கதை வேறு. அதற்குச் சினமில்லை, வாய்தான் பெரிது. வாய்க்குள் அடங்கும் தொட்டித் தோழர்களை ஆரவாரமின்றி விழுங்கிவிடும். இந்தோ-பசிபிக் கடலுக்குரிய அந்த மீன் 1985இல் ஃப்ளோரிடாக் கடலில், டேனியா கடற்கரையருகே, முதன்முதலாகப் பிடிபட்டது. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஒரு தொட்டியை உடைத்ததால் ஆறு மீன்கள் தப்பிப் பெருகின என்றொரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. அதனை எழுதிய மீனியலாளரே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வளர்த்தவர்கள் கொண்டுவிட்டவையே முதல் மீன்கள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். 2009இல் அது ஃப்ளோரிடா கீஸ் கடலுக்கும் வந்துசேர்ந்தது. லோரென்ஸ் முகமூடி அணிந்து மிதந்தபடி வண்ணமீன்களைப் பார்த்த அதே கடல். அங்கே சிறுமீன்களுக்கு இந்தப் புதிய அண்டைவீட்டுக்காரனிடம் அஞ்சத் தெரியவில்லை.