உருண்டையும் கூம்பும்

வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோர் பலர். அதிலிருந்து புறப்படும் குண்டைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. விலங்கு நின்ற இடத்திலேயே வீழ்வதும், குற்றுயிராய்ப் புதருள் மறைந்து துடிப்பதும், குறி பார்ப்பவன் திறமையோடு அந்தச் சிறிய ஈயத்துண்டின் உருவத்தையும் சார்ந்தவை. குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்த காலத்தில் இதுபற்றி எழுந்த வாதம் அறியத்தக்கது.

நெடுங்காலம் குண்டு என்றால் உருண்டையே. குழலின் உட்புறத்தில் திருகுவரிகள் வெட்டினால் குண்டு சுழன்று குறி பிறழாது செல்லும் என்பதை ஐரோப்பியக் கொல்லர் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் வரிகளைப் பற்றும் அளவுக்கு இறுக்கமான குண்டை வாயிலிருந்து இடித்து இறக்குதல் எளிதன்று. 1849ஆம் ஆண்டில் மினியே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி, அடியில் குழிவுடைய கூம்புக் குண்டை அமைத்தார். அது தளர்வாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் அடிப்பகுதி விரிந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும்.

இக்கருத்தில் அவருக்கு முன்னோடி, ஆங்கிலப் படையைச் சேர்ந்த நார்ட்டன். தென்னிந்திய மக்கள் ஊதுகுழலில் இட்ட அம்பின் அடியிலிருந்த நெட்டி, மூச்சின் விசையால் விரிந்து குழலை அடைப்பதைக் கண்டே அவர் தம் குண்டை வகுத்தார் என்பர். ஆங்கில அரசு அதனை ஏற்கவில்லை. ஆனால் மினியேவுக்கு 1852இல் 20,000 பவுன் வழங்கியது. ஊதுகுழல் செய்த கைகளின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

போர்க்களத்தில் வென்ற கூம்பு, காட்டிலும் வென்றதா? 0.58 அங்குல வாயுள்ள துப்பாக்கிக்கு உருண்டை ஏறத்தாழ 18 கிராம். கூம்பு ஏறத்தாழ 32 கிராம். எடை மிகுந்த கூம்பு நெடுந்தொலைவிலும் விசை குன்றாது. ஆனால் அது மெதுவாகப் புறப்பட்டு வில்லென வளைந்து செல்லும். தொலைவைப் பிழையாக மதித்தவன் குறி தவறுவான். உருண்டையோ மிகுந்த மருந்தின் வேகத்தால் முதல் நூறு கஜம் வரை ஏறக்குறைய நேர்கோட்டில் பாயும்; அதன்பின் விரைவில் தளரும்.

மத்திய இந்தியக் காடுகளை நன்கறிந்த ஜேம்ஸ் ஃபோர்சைத், 1863இல் வெளியிட்ட நூலில் உருண்டையின் பக்கமே நின்றார். அடர்ந்த காட்டில் விலங்கு அருகே திடீரெனத் தோன்றும். தொலைவை அளந்து பார்க்க நேரமில்லை என்பது அவர் வாதம். ஆகவே மெல்லத் திரும்பும் வரிகளும் மிகுந்த மருந்தும் வேண்டும் என்றார். இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரோ, குண்டின் பருமனை நம்பி, ஏறத்தாழ 21 ராத்தல் எடையுள்ள துப்பாக்கியைச் சுமந்தார்.

பின்புறம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவியதும் இவ்வாதம் ஓய்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. எந்தக் குண்டு சிறந்தது என்னும் கேள்விக்கு விடை தேடிய ஒவ்வொரு சோதனையும் ஓர் உயிரின் மீதே நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.