மார்க்-ஆன்ட்ரே ஹாம்லின்: ஐரோப்பிய, அமெரிக்கப் பியானோ இசையில் ஒரு விரிந்த வாசிப்புத் தொகுதி

மார்க்-ஆன்ட்ரே ஹாம்லின் (பிறப்பு: 5 செப்டம்பர் 1961, மொன்றியால், கனடா) உலக அளவில் புகழ்பெற்ற பியானோ கலைஞரும் இசையாக்குநரும் ஆவார். 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய விசைப்பலகை இசையில் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எழுந்த புதுமுயற்சிகள் வரை நீளும் அவருடைய வாசிப்புத் தொகுதி, அதாவது அவர் கற்று மேடையிலும் ஒலிப்பதிவிலும் வழங்கியுள்ள உருப்படிகளின் முழுமை, இன்றைய பியானோ கலைஞர்களிடையே அகலத்தால் தனித்து நிற்கிறது. பேத்தோவன், ஷூபர்ட், ஷோப்பன் முதலிய பெரும்பெயர்களோடு, கச்சேரி மேடைகள் நெடுங்காலம் மறந்திருந்த ஆல்கான், மெட்னர், கோடோவ்ஸ்கி போன்றோரையும், ஐவ்ஸ், ஜெவ்ஸ்கி, போல்கம், ஃபெல்ட்மன் ஆகிய அமெரிக்கர்களையும் ஒரே அக்கறையோடு அணுகுவது அவருடைய கலைவாழ்வின் அடிப்படைப் பண்பாகும்.

வாழ்வும் பயிற்சியும்

ஹாம்லினின் தந்தை தொழிலால் மருந்தாளுநர். ஆனால் பியானோவை ஆழ்ந்த ஈடுபாட்டோடு வாசித்தவர். ஆல்கான், கோடோவ்ஸ்கி ஆகியோரின் அரிய இசைநூல்கள் வீட்டிலேயே கிடைத்தமையால், பெரும்பாலான இசை மாணவர்கள் பெயரளவில்கூட அறிந்திராத படைப்புகள் அவருக்குச் சிறுவயதிலேயே பழக்கமாயின. மொன்றியாலில் உள்ள வென்சான் தாந்தி இசைப்பள்ளியில், பிரெஞ்சுப் பியானோ மேதை ஆல்ஃப்ரெட் கோர்ட்டோவின் மாணவியான இவோன் உபேரிடம் பயின்ற பின்னர், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஹார்வி வெடீன், ரஸ்ஸல் ஷெர்மன் ஆகியோரிடம் பயிற்சியைத் தொடர்ந்தார். 1985இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கம் நடத்திய பன்னாட்டு அமெரிக்க இசைப் போட்டியில் முதலிடம் பெற்றதே அவருடைய தொழில்வாழ்வின் திருப்பமாக அமைந்தது. பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக்கில் வளர்ந்து, ஐரோப்பிய மரபில் தேர்ச்சி பெற்ற ஒரு கலைஞர் அமெரிக்க இசைக்கென நடந்த போட்டியின் வழியாக அறிமுகமானதில், பின்னாளில் அவருடைய தொகுதி எடுக்கவிருந்த வடிவம் முன்கூட்டியே தெரிகிறது. 2003இல் கனடா அரசின் ‘ஆர்டர் ஆஃப் கனடா’ விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவற்றை லண்டனின் ஹைபீரியன் நிறுவனம் வெளியிட்டுள்ளது.

செவ்வியல் மரபு

ஐரோப்பிய இசை வரலாற்றில் ஏறத்தாழ 1750 முதல் 1820 வரையிலான காலம் செவ்வியல் காலம் எனப்படும். ஒன்றுக்கொன்று மாறுபட்ட சில பகுதிகள் சேர்ந்து ஒரு முழுமையாகும் ‘சொனாட்டா’ என்னும் வடிவம் உறுதிப்பட்டது இக்காலத்திலேயே. இக்கால இசையாக்குநர்களுள் ஹைடனின் சொனாட்டாக்களை ஹாம்லின் 2007க்கும் 2012க்கும் இடையே மூன்று தொகுதிகளாகப் பதிவுசெய்தார். ஹைடனின் இசை தொழில்நுட்ப வகையில் எளிதெனக் கருதப்பட்டு, கச்சேரியின் தொடக்கத்தில் விரல் சூடேறுவதற்கான உருப்படியாகவே பலரால் வாசிக்கப்பட்டு வந்தது. எதிர்பாராத இடத்தில் நின்று, எதிர்பாராத சுரநிலைக்குத் தாவும் அதன் துணிவை முன்னிறுத்தியதே ஹாம்லினின் பதிவுகளின் சிறப்பாகும். பெரும் பாக்கின் மகனான கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாக்கின் விசைப்பலகை இசையை அவர் 2022இல் வெளியிட்டபோது, ஹைடனின் இந்தத் துணிவுக்கு ஊற்றாக இருந்த முன்னோடியையும் கேட்போர் உடன்வைத்து ஒப்பிட வழி பிறந்தது.

19ஆம் நூற்றாண்டின் பேராற்றல் இசை

பியானோவின் இரும்புச் சட்டமும் வலுவான கம்பிகளும் மேம்பட்டு வந்த 19ஆம் நூற்றாண்டில், கருவியின் முழு ஆற்றலையும் வெளிக்கொணரும் படைப்புகள் பெருகின. அவற்றுள் மிகக் கடினமானவை என்று கருதப்படுவனவற்றைப் படைத்தவர் பாரிஸில் வாழ்ந்த சார்ல்-வாலன்டீன் ஆல்கான் (1813–1888). ஒவ்வொரு மைனர் சுரநிலைக்கும் ஒன்றாக அவர் இயற்றி 1857இல் வெளியான பன்னிரண்டு ‘எட்டியூட்’களில், அதாவது ஒரு குறிப்பிட்ட வாசிப்புச் சிக்கலை மையமாகக் கொண்ட பயிற்சி உருப்படிகளில், எட்டு முதல் பத்து வரையிலான மூன்றும் சேர்ந்து ‘தனிப் பியானோவுக்கான கான்செர்ட்டோ’ எனப் பெயர் பெற்றுள்ளன. கான்செர்ட்டோ என்பது ஒரு தனிக்கலைஞரும் பெரும் இசைக்குழுவும் எதிரும் இணையுமாக வாசிக்கும் வடிவம். ஆல்கானோ இசைக்குழுவின் முழக்கத்தையும் தனிக்கலைஞரின் விடையையும் ஒரே பியானோவில், இரண்டே கைகளில் வைத்தார். முதல் பகுதி மட்டும் 1,300க்கு மேற்பட்ட தாள அலகுகள் கொண்டது. முழுப் படைப்பும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் நீள்வது. ஹாம்லின் இதனை இருமுறை ஒலிப்பதிவு செய்துள்ளார். 2007இல் வெளியான பதிவு, ஆல்கானைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது.

இம்மரபின் தொடர்ச்சியாக, லித்துவேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோபோல்ட் கோடோவ்ஸ்கி (1870–1938), ஷோப்பனின் எட்டியூட்களை அடிப்படையாகக் கொண்டு 53 புதிய உருப்படிகளை எழுதினார். அவற்றுள் 22 இடக்கைக்கு மட்டுமே உரியவை. ஒன்றில் ஷோப்பனின் இரண்டு எட்டியூட்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. இந்த 53ஐயும் முழுமையாகப் பதிவுசெய்து ஹாம்லின் வெளியிட்ட இசைத்தட்டு, 2000ஆம் ஆண்டில் பிரிட்டனின் கிராமஃபோன் விருதைப் பெற்றது. ஐந்து பகுதிகளோடு எழுபது நிமிடங்களுக்கு மேல் நீண்டு, இறுதிப் பகுதியில் ஆண்குரல் குழுவும் சேர்ந்து பாடும் ஃபெருச்சோ புசோனியின் பியானோ கான்செர்ட்டோவையும் (1904) அவர் பர்மிங்ஹாம் நகர இசைக்குழுவோடு பதிவுசெய்துள்ளார்.

ருஷ்ய மரபு

ஸ்க்ரியாபினின் பத்து சொனாட்டாக்களையும் நிக்கோலாய் மெட்னரின் பதினான்கு சொனாட்டாக்களையும் ஹாம்லின் முழுமையாக வழங்கியிருப்பது அவருடைய தொகுதியின் உறுதியான தூண்களுள் ஒன்று. 1880இல் மாஸ்கோவில் பிறந்து 1951இல் லண்டனில் மறைந்த மெட்னர், தம் காலத்தின் புதுப்போக்குகளை ஏற்காமல், பேத்தோவன் வழிவந்த கட்டுக்கோப்பைக் கடைசிவரை போற்றியவர். வறுமையிலும் நோயிலும் வாடிய அவருடைய படைப்புகளை இசைத்தட்டில் பதிவுசெய்ய 1940களின் இறுதியில் பொருளுதவி செய்தவர் மைசூர் மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையார். கர்நாடக இசையில் கிருதிகளை இயற்றியவரும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவருமான அவருக்கே மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அர்ப்பணித்தார். அவ்வாறு காக்கப்பட்ட இசை அரை நூற்றாண்டுக்குப் பின் புதிய தலைமுறையைச் சென்றடைந்ததில், 1998இல் வெளியான ஹாம்லினின் நான்கு இசைத்தட்டுத் தொகுதிக்குப் பெரும் பங்குண்டு.

அமெரிக்க இசை

ஹாம்லினின் அமெரிக்கத் தேர்வுகளில் தலையாயது சார்ல்ஸ் ஐவ்ஸின் ‘கான்கர்ட்’ சொனாட்டா. காப்பீட்டுத் தொழிலை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்த ஐவ்ஸ் (1874–1954), மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கர்ட் என்னும் சிற்றூரில் 1840க்கும் 1860க்கும் இடையே வாழ்ந்த சிந்தனையாளர்களை நினைத்து இதனை எழுதினார். எமர்சன், ஹாதார்ன், ஆல்காட் குடும்பத்தார், காந்தியடிகளின் எழுத்து வழியே இந்தியரும் நன்கறிந்த தோரோ ஆகியோரின் பெயர்களையே அதன் நான்கு பகுதிகளும் தாங்கியுள்ளன. 1920இல் அச்சான இப்படைப்பு முழுமையாக நியூயார்க் மேடையேற 1939 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று வாசித்தவர் ஜான் கர்க்பாட்ரிக். ‘ஹாதார்ன்’ பகுதியில் ஏறத்தாழ பதினைந்து அங்குல நீளமுள்ள மரப்பலகை ஒன்றால் பல கட்டைகளை ஒருசேர மெல்ல அழுத்த வேண்டும். இத்தகைய புதுமைகளுக்கு நடுவே, பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் தொடங்கிவைக்கும் நான்கு சுரங்கள் நான்கு பகுதிகளிலும் திரும்பத் திரும்ப எழுகின்றன. பேத்தோவனை ஆழ்ந்து வாசித்த ஒருவரின் விரல்களில்தான் அந்தச் சுரங்கள் வெறும் மேற்கோளாக நின்றுவிடாமல், இரு கண்டங்களுக்கிடையிலான உரையாடலாக மாறுகின்றன. ஹாம்லின் இச்சொனாட்டாவை இருமுறை பதிவுசெய்திருப்பது இந்த நெருக்கத்தைக் காட்டுகிறது. 2004இல் வெளியான இரண்டாவது பதிவில் இதனோடு சாமுவேல் பார்பரின் சொனாட்டாவும் இடம்பெற்றது. 1949இல் ஹவானாவில் விளாடிமிர் ஹோரோவிட்ஸ் முதன்முதலில் வாசித்த அப்படைப்பு, பாக்கின் காலத்து வடிவமான ‘ஃபியூக்’கில் முடிகிறது. ஒரே கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச் செல்லும் வடிவமே ஃபியூக். பார்பர் அதற்கு ஜாஸ் சாயல் கொண்ட தாள அழுத்தங்களைத் தந்தார்.

ஃபிரெட்ரிக் ஜெவ்ஸ்கி (1938–2021) 1975இல் எழுதிய ‘ஒன்றுபட்ட மக்கள் ஒருபோதும் தோற்பதில்லை’ என்னும் படைப்பு, சிலி நாட்டின் செர்ஜியோ ஒர்த்தேகா இசையமைத்த போராட்டப் பாடலை எடுத்துக்கொண்டு அதற்கு 36 வேறுபாடுகளை வளர்க்கிறது. வேறுபாடு என்பது ஒரு மெட்டின் அடிப்படை எலும்பு மாறாமல் அதன் தாளம், நடை, அலங்காரம் ஆகியவற்றை மாற்றிக்கொண்டே செல்லும் முறை. பாக்கும் பேத்தோவனும் இதில் பெரும்படைப்புகளை உருவாக்கியுள்ளனர். ஆறு ஆறாகக் கட்டப்பட்ட ஜெவ்ஸ்கியின் வேறுபாடுகளில் ஒவ்வொரு குழுவின் ஆறாவதும் முந்தைய ஐந்தின் சாரத்தைத் தொகுக்கிறது. கலைஞர் சீழ்க்கையடிக்கவும், பியானோவின் மூடியை ஓசையெழ அடிக்கவும், முடிவுக்கு முன் விரும்பினால் மனோதர்மமாக வாசிக்கவும் இடமுண்டு. அரசியல் உணர்ச்சி கொதிக்கும் படைப்பாயினும், அதன் கட்டமைப்பு ஐரோப்பிய மரபின் கண்டிப்பைக் கொண்டது என்பதை ஹாம்லினின் வாசிப்பு ஐயமறத் தெளிவாக்குகிறது.

வில்லியம் போல்கமுடன் ஹாம்லினின் தொடர்பு அவருடைய தொழில்வாழ்வின் தொடக்கத்திலேயே ஏற்பட்டது. 1988இல் புலிட்சர் பரிசு பெற்ற போல்கமின் ‘பன்னிரண்டு புதிய எட்டியூட்க’ளை முதலில் ஒலிப்பதிவு செய்தவர் அவரே. பல ஆண்டுகளுக்குப் பின், 2022இல், போல்கமின் ராக்டைம் உருப்படிகள் முழுவதையும் அவர் வெளியிட்டார். ராக்டைம் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே மலர்ந்த பியானோ இசை. இடக்கை தாளத்தைச் சீராகப் பிடித்திருக்க, வலக்கையின் மெட்டு தட்டுகளுக்கு இடைப்பட்ட இடங்களில் அழுத்தம் பெறும். ஸ்காட் ஜாப்லினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ (1899) அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தந்தையின் நினைவாக 1970இல் போல்கம் எழுதிய ‘கிரேஸ்ஃபுல் கோஸ்ட் ராக்’கை ஹாம்லின் வாசிக்கும்போது, ஷோப்பனின் இசைக்குத் தரும் அதே நுண்மையான கால நெகிழ்வை அதற்கும் தருகிறார்.

இவற்றுக்கு நேரெதிரான முனையில் நிற்பது மார்ட்டன் ஃபெல்ட்மனின் ‘ஃபார் பனீட்டா மார்கஸ்’ (1985). ஒரு மணிநேரத்திற்கு மேல், மிகத் தாழ்ந்த ஒலியளவில், சில சுரங்களே இடைவெளி விட்டு ஒலிக்கும் இப்படைப்பில் விரல் வேகத்துக்கு வேலையே இல்லை. 2017இல் வெளியான இப்பதிவு, ஹாம்லினின் கவனம் வேகத்தில் அடங்குவதன்று, ஒலி எழும் கணத்திலும் அது தேய்ந்து மறையும் விதத்திலும் தங்குவது என்பதற்குச் சான்றாயிற்று. ஜாஸ் நடையை ஏட்டில் முழுமையாக எழுதிவைத்த நிக்கோலாய் கபூஸ்டின் (1937–2020), ஆஸ்திரியாவின் ஃபிரெட்ரிக் குல்டா, அமெரிக்காவின் ஜார்ஜ் ஆன்ட்டைல் ஆகியோரை ஒன்றுசேர்த்த 2008ஆம் ஆண்டு இசைத்தட்டு, அமெரிக்காவில் பிறந்த ஒரு நடை ஐரோப்பாவுக்குச் சென்று வேரூன்றிய வரலாற்றைச் சொல்கிறது.

இசையாக்கம்

ஹாம்லின் இயற்றிய ‘எல்லா மைனர் சுரநிலைகளிலும் பன்னிரண்டு எட்டியூட்கள்’ 2010இல் இசைத்தட்டாக வெளியாயின. தலைப்பு ஆல்கானை நினைவூட்டுவது. முதல் உருப்படியோ ஷோப்பனின் மூன்று எட்டியூட்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து கோடோவ்ஸ்கியின் வழியை ஒருபடி முன்னெடுப்பது. 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாடலான ‘லோம் ஆர்மே’யை அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய டொக்காட்டாவை, அதாவது விரைந்த விரலோட்டம் கொண்ட உருப்படியை, 2017இல் டெக்ஸஸில் நடந்த வான் கிளைபர்ன் போட்டியின் 30 போட்டியாளர்களும் கட்டாய உருப்படியாக வாசித்தனர். 19ஆம் நூற்றாண்டில் வாசிப்பவரும் இயற்றுபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தனர். பின்னர் பிரிந்துபோன அவ்விரு பணிகளையும் ஹாம்லின் மீண்டும் இணைத்துள்ளார்.

வாசிப்பு முறையும் மதிப்பீடும்

மேடையில் ஹாம்லினின் உடலசைவு மிகக் குறைவு. கைகள் கட்டைகளை ஒட்டியே இயங்குகின்றன. அடர்த்தியான சுரக்கூட்டங்களுக்கு நடுவிலும் ஒவ்வொரு குரலும் தனித்துக் கேட்கிறது. விரல் திறமை தமக்கு நோக்கமன்று, இசையின் உட்பொருளை வெளிப்படுத்துவதற்கான கருவியே என்று அவர் நேர்காணல்களில் தொடர்ந்து வலியுறுத்தி வந்துள்ளார். ஆயினும் ஆல்கான், கோடோவ்ஸ்கி பதிவுகளின் புகழால் அவரை வியத்தகு விரல்வித்தகராக மட்டும் காணும் போக்கு நிலவியது. ஹைடனும் ஃபெல்ட்மனும், 2023இல் வெளியான, பிரெஞ்சு இசையாக்குநர் ஃபோரேயின் ‘நாக்டர்ன்’ என்னும் இரவுநேர உணர்வு கொண்ட உருப்படிகளும் அந்தப் பார்வையை மாற்றின.

இத்தொகுதியின் வரலாற்றுப் பயன் இரண்டு. முதலாவதாக, ஏட்டில் மட்டுமே உயிர்வாழ்ந்த பல படைப்புகள் கேட்கக்கூடியனவாகி, இளம் கலைஞர்கள் துணிந்து எடுத்து வாசிக்கும் பொதுச்சொத்தாயின. இரண்டாவதாக, ஐரோப்பிய இசை மூலம், அமெரிக்க இசை அதன் கிளை என்னும் எளிய பிரிவினை ஆட்டம் கண்டது. ஐவ்ஸுக்குள் பேத்தோவனும், ஜெவ்ஸ்கிக்குள் பாக்கும், கபூஸ்டினுக்குள் அமெரிக்க ஜாஸும் இருப்பதை நூல்கள் எடுத்துரைக்கலாம். எனினும் ஒரே கலைஞர் அவை அனைத்தையும் உள்வாங்கி வாசிக்கும்போதே அந்த உறவுகளைக் கேட்பவர் தம் செவியால் உணர முடிகிறது. ஒரு கச்சேரிக் கலைஞரின் தேர்வுகளும் இசை வரலாற்றுக்கு ஓர் உரையாக அமையக்கூடும் என்பதை ஹாம்லினின் பணி நிறுவியுள்ளது.