எந்தப் பக்கம், எவ்வளவு, எதுவரை

1914 ஜூன் 18. பாரிஸை ஒட்டிய பெசோன் என்ற ஊரில், சீன் நதிக்கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. விமானத்தைப் பாதுகாப்பானதாக்கும் கருவிகளுக்கு ஒரு போட்டி. 21 வயது அமெரிக்கர் லாரன்ஸ் ஸ்பெர்ரி தன் கர்ட்டிஸ் நீர்விமானத்தில் நடுவர்களைத் தாண்டிப் பறந்தபோது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எமில் கஷான் இறக்கை மேல் ஏறி நடந்தார். ஒரு பக்கம் ஆள் ஏறினால் விமானம் அந்தப் பக்கம் கவிழ வேண்டும். கவிழவில்லை. சாயப் பார்த்தது, தானே நிமிர்ந்துகொண்டது. கடைசிச் சுற்றில் ஆளுக்கு ஒரு இறக்கை. ஓட்டுநர் இருக்கை காலி! 50,000 ஃபிராங்க் பரிசு ஸ்பெர்ரிக்கு.

அந்த விமானத்துக்குள் ஏறத்தாழ 18 கிலோ எடையில் ஒரு கருவி இருந்தது. அதில் நான்கு ஜைரோக்கள் சுழன்றுகொண்டிருந்தன. இன்று ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிடும் பள்ளி மாணவனின் கையில் இருக்கும் ஜைரோ தீப்பெட்டியைவிடச் சிறியது. எடை சில கிராம். இந்த நூறு வருடக் கதையை, பெரியது சிறியதான கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அதற்குள் இன்னொரு கதையும் ஓடுகிறது. இந்தக் கருவி தன்னால் பதில் சொல்ல முடியாத மூன்று கேள்விகளை ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதனிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம்? எவ்வளவு? எதுவரை?

பெயரிலிருந்து தொடங்கலாம். 1852-இல் லியோன் ஃபூக்கோ பூமி சுற்றுவதைக் கண்ணால் பார்க்க ஒரு சுழலும் சக்கரம் செய்தார். ‘சுழற்சியைப் பார்ப்பது’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஜைரோஸ்கோப் என்று பேர் வைத்தார். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்கும், தள்ளினாலும் முரண்டு பிடிக்கும் என்பது நம் தெருப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதிதான். அந்த முரண்டைக் கப்பலுக்கும் பிறகு விமானத்துக்கும் கொண்டுபோனவர் லாரன்ஸின் அப்பா எல்மர் ஸ்பெர்ரி.

ஆனால் விமானத்துக்கு இது தேவையா என்பதே அப்போது பெரிய சர்ச்சை. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். சைக்கிள் தானாக நிற்காது, ஓட்டுபவர்தான் நிறுத்துகிறார். விமானமும் அப்படித்தான் என்று நினைத்தார்கள். 1903-இல் அவர்கள் பறக்கவிட்ட ஃப்ளையர் கொஞ்சம் அசந்தால் மூக்கைக் குத்திக்கொள்ளும் வண்டி. ஓட்டத் தெரிந்தவன் ஓட்டட்டும் என்பதுதான் கொள்கை. பிறகு அதே ஆர்வில் ரைட் ஒரு தானியங்கி சமநிலைக் கருவி செய்து 1913-ஆம் ஆண்டுக்கான காலியர் கோப்பையை வாங்கினார். அடுத்த ஆண்டின் கோப்பை எல்மர் ஸ்பெர்ரிக்குப் போனது. கைத்திறன்தான் எல்லாம் என்று இருந்தவர்களே கருவியின் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள்.

சரி, சாய்ந்தது தெரிந்துவிட்டது. எவ்வளவு திருத்துவது? 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி இதற்கு ஒரு கணக்கு எழுதினார். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். கப்பலில் சுக்கான் பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். தேர்ந்த கை, கப்பல் திசை தவறிய அளவை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்றும் பார்க்கிறது. காற்று ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் அதையும் நினைவில் வைத்து, சுக்கானைக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாகவே பிடித்துக்கொள்கிறது. இப்போதைய பிழை, அது மாறும் வேகம், இதுவரை சேர்ந்த பிழை. இன்று எந்தப் பொறியியல் மாணவரும் பி.ஐ.டி. என்று படிப்பது இதைத்தான். நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஆனால் கப்பல் ஆட்கள் விரும்பாததால் கடற்படை அதை ஏற்கவில்லை. தங்கள் கையிலிருந்து படித்த பாடத்தை இயந்திரம் தங்களிடமே ஒப்பிப்பதை யார் ரசிப்பார்கள்?

பொம்மை விமானங்களுக்குள் ஜைரோ நுழைந்தது ஹெலிகாப்டர் வழியாக. ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் 1970 வாக்கில் ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டரைப் பறக்கவைத்துக் காட்டினார். மேலே பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் வால் விசிறி. எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் வால் திரும்பிவிடும். அதைப் பிடித்து நிறுத்தவே கற்றுக்கொள்பவரின் பாதி உயிர் போய்விடும். ஒரு குட்டி மோட்டார், அதன் அச்சில் இரண்டு பித்தளை வட்டுகள், ரிசீவருக்கும் வால் செர்வோவுக்கும் நடுவில் ஒரு பெட்டி. இந்த இயந்திர ஜைரோ வந்ததும் பலருக்குத் தரையிலிருந்து எழும்பும் தைரியம் வந்தது.

1990-களில் சுழலும் வட்டு போய், அதிரும் பீசோ படிகம் வந்தது. பிறகு சிலிக்கான் சில்லு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு இப்படியும் அப்படியும் அதிர்ந்துகொண்டிருக்கும். சில்லைத் திருப்பினால் அந்தத் துண்டு பக்கவாட்டில் கொஞ்சம் விலகும். காரணம், 1835-இல் கொரியோலிஸ் விளக்கிய விசை. அந்த விலகலை மின்சாரமாக அளக்கிறார்கள். 2010-இல் வந்த ஐஃபோன் 4-இல் இப்படி ஒரு ஜைரோ இருந்தது. கைபேசிகள் கோடிக்கணக்கில் விற்றதால் விலை சரிந்து பொம்மை விமானத்துக்கும் கட்டுப்படியானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இந்தச் சில்லுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பது மட்டுமே தெரியும். மற்றதெல்லாம் பொருத்துபவர் சொல்லிக்கொடுப்பது.

அதனால்தான் ஜைரோ பொருத்தியதும் முதல் சோதனை எந்தப் பக்கம் என்பது. விமானத்தைக் கையில் தூக்கி வலது இறக்கையைச் சட்டென்று கீழே சாய்க்க வேண்டும். வலது எய்லரான் கீழே இறங்க வேண்டும், அதுதான் அந்த இறக்கையைத் தூக்கும். மூக்கைக் கீழே சாய்த்தால் எலிவேட்டர் மேலே போக வேண்டும். மூக்கை வலப்பக்கம் திருப்பினால் ரட்டர் இடப்பக்கம் போக வேண்டும். பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ட்ரான்ஸ்மிட்டரில் குச்சியின் திசையை மாற்றுவது வேறு, ஜைரோவின் திசையை மாற்றுவது வேறு. முதலாவதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதைப் பார்க்காமல் விட்டால், தரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மேலே போனதும் சாய்ந்த பக்கமே இன்னும் சாய்க்கும், அது இன்னும் சாயும். காப்பாற்ற வந்த கருவியே கவிழ்த்துவிடும்.

பொம்மைதானே என்று நினைக்க வேண்டாம். 2013 ஜூலை 2 அன்று கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து மூன்று க்ளோனாஸ் செயற்கைக்கோள்களுடன் ஒரு புரோட்டான்-எம் ராக்கெட் கிளம்பியது. கிளம்பியதும் ஆடியது, திரும்பியது, தலைகுப்புறத் தரையில் விழுந்து எரிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விசாரணையில் தெரிந்தது இதுதான்: திரும்பும் வேகத்தை அளக்கும் உணரிகளில் மூன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. எது மேல் என்று காட்டும் அம்புக்குறி அவற்றின் மேலேயே இருந்தது. உணரிகள் பழுதாகவில்லை. தங்களுக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னன, தலைகீழாக. ஒரு கழித்தல் குறியின் விலை எவ்வளவு என்று மென்பொருள் எழுதும் எவரும் இதைப் படித்தால் ஒரு கணம் நின்றுவிடுவார்கள்.

இரண்டாவது எவ்வளவு. இதற்குப் பேர் கெயின். குறைவாக வைத்தால் ஜைரோ இருப்பதே தெரியாது. அதிகமாக வைத்தால் விமானம் காய்ச்சல் வந்தமாதிரி நடுங்கும். சாய்வைத் திருத்தப் போய், தாண்டிப் போய், அதைத் திருத்த மறுபடி தாண்டும். சரியான அளவு என்று ஒன்றே ஒன்று கிடையாது. வேகம் இரண்டு மடங்கானால் எய்லரானின் பிடி நான்கு மடங்காகும். மெதுவாகப் பறக்கும்போது கச்சிதமாக இருந்த கெயின், வேகமாகப் பாயும்போது நடுக்கமாகிவிடும். எனவே முதல் பயணத்தில் கெயினைக் குறைத்து வைத்து, நல்ல உயரத்தில், முழு வேகத்தில் நடுங்குகிறதா என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். உப்பு மாதிரிதான், குறைந்தால் போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி: எதுவரை? ‘ஹோல்ட்’ என்று ஒரு முறை உண்டு. நீங்கள் விட்ட நிலையை ஜைரோ விடாமல் பிடித்துக்கொள்ளும். மினோர்ஸ்கி சொன்ன ‘சேர்ந்த பிழை’தான் இதன் அடிப்படை. பார்க்க மாயம் மாதிரி இருக்கும். ஆனால் வேகம் குறையக் குறைய ஜைரோ எலிவேட்டரை மேலே ஏற்றிக்கொண்டே போய் மூக்கைப் பிடித்து வைத்திருக்கும். கீழே நிற்பவருக்கு எல்லாம் அமைதியாகத் தெரியும். பிடி முழுதும் தீர்ந்த நொடியில் விமானம் மொத்தமாக விழும். விழுவதற்கு முன் வரும் தள்ளாட்டம் ஓர் எச்சரிக்கை. அதையும் சேர்த்தே ஜைரோ துடைத்துவிட்டது.

1985 பிப்ரவரி 19 அன்று பெரிய விமானத்திலும் இது நடந்தது. தைபேயிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன சைனா ஏர்லைன்ஸ் 006, போயிங் 747. 41,000 அடியில் வலது ஓரத்து எஞ்சின் வலுவிழந்தது. விமானம் வலப்பக்கம் இழுக்க, ஆட்டோபைலட் எய்லரானை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பி நேராகப் பிடித்து வைத்தது. ரட்டர் அதன் கையில் இல்லை. விமானிகளின் கவனம் எஞ்சினிலும் குறையும் வேகத்திலும் இருந்தது. கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளிப்பட்டது. விமானம் புரண்டு சுமார் 30,000 அடி விழுந்தது. மேகத்தை விட்டு வெளியே வந்து அடிவானத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேப்டனால் மீட்க முடிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். உயிர் போகவில்லை.

ரைட் சகோதரர்கள் பிடிவாதமாக இருந்ததன் நியாயம் இங்கேதான் விளங்குகிறது. தள்ளாட்டத்துக்கு ஒரு மொழி உண்டு. கருவி அதை அமைதியாக்கினால் நமக்கு வசதி, ஆனால் சேதி வராது. ஜைரோ வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. காற்றடிக்கும் மாலையில் ஒரு கிலோ எடையுள்ள விமானத்தை இறக்கிப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

அனுபவப்பட்டவர்கள் ட்ரான்ஸ்மிட்டரில் மூன்று நிலை சுவிட்ச் ஒன்றை ஜைரோவுக்கென்றே ஒதுக்கி வைப்பார்கள். ஒரு நிலையில் ஹோல்ட். நடுவில், திரும்பும் வேகத்தை மட்டும் அடக்கும் சாதாரண முறை. மூன்றாவது நிலையில் ஜைரோ அணைந்துவிடும், விமானம் முழுக்க உங்கள் கையில். புது விமானத்தை முதலில் அந்த மூன்றாவது நிலையில் பறக்கவிட்டு, ட்ரிம் பார்த்து, அதன் குணத்தைத் தெரிந்துகொண்ட பிறகே ஜைரோவைப் போடுவார்கள். எது சாய்வு என்று தனக்கே தெரிந்தவர்தான் அதை இன்னொன்றிடம் ஒப்படைக்க முடியும். பெசோனில் இருக்கையை விட்டு இறக்கை மேல் ஏறிய ஸ்பெர்ரிக்கும் விமானம் ஓட்டத் தெரிந்திருந்தது.